பூல்மணி வழக்கும் ‘பாதுகாப்பு’ என்னும் சொல்லும்: 1891 சம்மத வயதுச் சட்டத்தின் தோற்றம் பற்றிய மறுஆய்வு

1891-ஆம் ஆண்டின் பத்தாவது சட்டம் பெண்ணின் சம்மத வயதைப் பத்திலிருந்து பன்னிரண்டாக உயர்த்தியது. அதன் தோற்றம் குறித்து சார்லஸ் ஹெய்ம்சாத் 1962-இல் ‘ஜர்னல் ஆஃப் ஏசியன் ஸ்டடீஸ்’ இதழில் எழுதிய கட்டுரை இன்றும் தொடக்கப் புள்ளியாகக் கொள்ளப்படுகிறது. அதன் எடை பம்பாய்ச் சீர்திருத்தவாதி பெஹ்ராம்ஜி மலபாரியின் பக்கமே சாய்கிறது. 1884-இல் குழந்தை மணத்தையும் கட்டாயக் கைம்மையையும் எதிர்த்து மலபாரி வெளியிட்ட குறிப்புகள், சீர்திருத்த இயக்கத்தின் வளர்ச்சி, அதை எதிர்த்து எழுந்த பண்பாட்டு மீட்புவாதம் என்பதே அக்கதையின் போக்கு. பம்பாய் விதைத்தது, கல்கத்தா எதிர்த்தது. இந்தச் சட்டகத்துக்குள், கல்கத்தாவில் கணவனின் உடலுறவால் காயமுற்று இறந்த சிறுமி பூல்மணி தாசியின் மரணம் ஒரு தூண்டுகோலாக மட்டுமே இடம்பெற முடியும். என் கருத்து வேறுபாடு இங்கேதான் தொடங்குகிறது.

மலபாரி அணியினர் வழக்குக்கு முன்பே சம்மத வயதை உயர்த்தும் யோசனையை எழுப்பியிருந்தனர் என்பதை மறுக்கவில்லை. ஆனால் ஒரு யோசனை எப்போது பிறந்தது என்பது ஒரு கேள்வி. அது எந்த நியாயத்தின் பேரில் சட்டமானது என்பது வேறு கேள்வி. ஹெய்ம்சாத் முதல் கேள்விக்குச் சொன்ன விடையை நாம் இரண்டாவதற்கும் விடையாக எடுத்துக்கொண்டுவிட்டோம். 1891-ஆம் ஆண்டுச் சட்டம் திருமணத்தைத் தொடவேயில்லை. எந்த வயதிலும் மணம் செய்விக்கலாம். பன்னிரண்டு நிரம்பும்வரை கணவன் அவளைத் தீண்டக் கூடாது. மணவயதைப் பற்றிய வாதத்திலிருந்து இப்படியொரு சட்டம் இயல்பாகப் பிறக்காது. சிறுமியின் உடலுக்கு நேரும் சேதத்தைக் கண்ணெதிரே வைத்துப் பார்த்தவர்களிடமிருந்தே அது பிறக்கும். அப்படிப் பார்த்தவர்கள் கல்கத்தாவில் முன்பே இருந்தார்கள். அங்கே மருத்துவக் கல்லூரியின் முதல்வராக இருந்த நார்மன் செவர்ஸ், குழந்தை மனைவியருக்கு நேர்ந்த காயங்களைத் தம் மருத்துவச் சட்டவியல் நூலில் பதிவு செய்திருந்தார்.

என் வாதத்துக்கு அடிப்படையான சான்று, கல்கத்தா வரிசைச் சட்ட அறிக்கைகளின் பதினெட்டாம் தொகுதியில் 49-ஆம் பக்கத்தில் தொடங்கும் வழக்கு அறிக்கை. அதன் தலைப்பில் பேரரசியின் பட்டம் இருக்கிறது. கணவன் ஹரி மோகன் மைத்தியின் பெயர் ‘ஹர்ரி மோஹுன் மைதீ’ என்னும் அன்றைய எழுத்துக்கூட்டலில் இருக்கிறது. இறந்த சிறுமி தலைப்பில் இல்லை. கட்டிலில் இரத்தத்தில் கிடந்த மகளைக் கண்டதாகத் தாய் சாட்சி சொன்னாள். சிறுமி பத்து வயதைக் கடந்திருந்ததால் வன்புணர்ச்சிப் பிரிவு பொருந்தவில்லை. உயிருக்கு ஆபத்து விளைவிக்கும் செயலால் கொடுங்காயம் ஏற்படுத்தியதாக, தண்டனைச் சட்டத்தின் 338-ஆம் பிரிவின்கீழ் கணவனுக்குக் கிடைத்தது ஓராண்டுக் கடுங்காவல்.

நீதிபதி வில்சன் ஜூரிகளுக்குச் சொன்ன விளக்கத்தில் ஓர் இடம் ஊன்றிப் படிக்கத் தக்கது. மனைவியின் பாதுகாப்பைக் கருதாமல் அவள் உடலைத் துய்க்கும் முழு உரிமை கணவனுக்கு உண்டு என்பது இந்து, முகமதிய, பிரிட்டிஷ் சட்ட முறைகளில் எதிலும் ஒருபோதும் சட்டமாக இருந்ததில்லை என்கிறார் அவர். புதிதாக ஒன்றைச் சொல்வதாக அவர் காட்டிக்கொள்ளவில்லை. பழைய சட்டமே இதுதான் என்கிறார். பூப்பெய்திய மனைவியைக் கணவன் கூட வேண்டும் என்னும் கர்ப்பாதானச் சடங்கைக் காட்டி மசோதாவை எதிர்க்கப்போகிறவர்களின் வாதத்துக்கு, மசோதா வருமுன்பே இது மறுப்பாக அமைந்துவிட்டது.

இந்த வாக்கியத்தின் எல்லையையும் மறைக்கக் கூடாது. ‘உரிமை’ என்ற சொல் இதில் கணவனைச் சார்ந்தே வருகிறது. சிறுமிக்குக் கிடைப்பது உரிமையல்ல, அவன் உரிமைக்கு ஒரு வரம்பு. ஆயினும் மனைவியின் உடல்நலம் கணவனின் அதிகாரத்தை அளக்கும் கோலாக நீதிமன்றத்தில் வைக்கப்பட்டது. பிற்காலத்தில் இனப்பெருக்க உரிமை என்று நாம் அழைப்பதன் வித்து அதுவே.

வில்சனின் சொற்களிலிருந்து 1891 ஜனவரி 9-இல் அரசின் சட்ட உறுப்பினர் ஆண்ட்ரூ ஸ்கோபிள் கொண்டுவந்த மசோதாவுக்கு நேர்கோடு இழுக்கும் ஆவணம் எதையும் என்னால் காட்ட இயலாது. காட்டக்கூடியவை மூன்று. விசாரணை நடந்து ஓராண்டுக்குள், அதே நகரத்தில் மசோதா வந்தது. உரிய காலத்துக்கு முந்திய உடலுறவிலிருந்து காப்பது அதன் அறிவிக்கப்பட்ட இரு நோக்கங்களில் ஒன்று. மசோதாவையொட்டி டாக்டர் மான்செல் முன்னின்று அனுப்பிய மனுவில் ஐம்பத்தைந்து பெண் மருத்துவர்கள் தாங்கள் கண்ட காயங்களைப் பட்டியலிட்டு, வயதைப் பதினான்காக்கக் கோரினர். பின்னிரண்டிலும் பேசுவது உடல்.

எதிர்ப்பும் கல்கத்தாவில் கடுமையாகவே இருந்தது. சட்டமன்றத்தில் ரொமேஷ் சந்திர மித்ரா எதிர்த்தார். மசோதாவை எதிர்த்து எழுதிய ‘பங்கபாசி’ ஏட்டின்மீது அதே ஆண்டில் அரசத் துரோக வழக்கே தொடரப்பட்டது. மசோதா மார்ச் 19-இல் நிறைவேறியது. மணவயதைத் தொட 1929-இன் சார்தா சட்டம் வரவேண்டியிருந்தது. பதினெட்டு வயதுக்குட்பட்ட மனைவியுடன் உறவு கொள்வதும் வன்புணர்ச்சியே என்று உச்ச நீதிமன்றம் சொல்ல 2017 ஆயிற்று.

தேதிகளில் ஒரு சிக்கல் எஞ்சுகிறது. பூல்மணி இறந்த ஆண்டைச் சிலர் 1889 என்றும் சிலர் 1890 என்றும் எழுதுகிறார்கள். அவள் வயது பத்தா பதினொன்றா என்பதிலும் ஒருமை இல்லை. இதை இங்கே தீர்க்க நான் முற்படவில்லை. சட்டம் எந்த எண்ணில் கோடு கிழிப்பது என்று நாடே வாதிட்ட காலத்தில், எந்தச் சிறுமியால் அந்த வாதம் சூடேறியதோ அவளுடைய வயதே உறுதியாக எழுதப்படாமல் போயிற்று.

ஐந்தாம் தேசியக் குடும்பநல ஆய்வின்படி (2019–21), மேற்கு வங்கத்தில் 20 முதல் 24 வயதுள்ள பெண்களில் 41.6 விழுக்காட்டினர் பதினெட்டுக்குமுன் மணமானவர்கள். இந்திய அளவில் அது 23.3. சட்டத்தின் வரலாற்றைச் சீர்திருத்தவாதிகளுக்கும் பழமைவாதிகளுக்கும் இடையிலான போராகவே எழுதினால், 1891-இல் அந்தப் போர் முடிந்துவிட்டது. சிறுமியின் உடலிலிருந்து எழுதினால், அது இன்னும் முடியவில்லை.