முன்னோர் திறந்த வழி (யூதச் சிந்தனை)

முதன்முதலில் ஒருவர் அரும்பாடுபட்டு எட்டிய ஆன்மிக நிலை, பின்னால் வருகிறவர்களுக்கு எளிதாகக் கைகூடுமா? யூத சமய நூல்கள் ஆயிரத்தைந்நூறு ஆண்டுகளுக்கும் மேலாக இந்தக் கேள்வியோடு மல்லுக்கட்டி வருகின்றன. விவாதம் பெரும்பாலும் ஆபிரகாமைச் சுற்றியே நடந்திருக்கிறது. சிலை வணக்கம் சூழ்ந்த நாட்டில் தனி ஆளாக ஒரே கடவுளைக் கண்டுகொண்டவர் அவர் என்பது மரபு. அவருக்குக் கற்றுத்தர ஆசானும் இல்லை, பின்பற்ற முன்னுதாரணமும் இல்லை.

தந்தையரின் செயல்கள் பிள்ளைகளுக்கு அடையாளம் என்ற கருத்து மித்ராஷ் விளக்கநூல்களில் பிறந்தது. பஞ்சத்தால் ஆபிரகாம் எகிப்துக்குப் போனார். பார்வோன் வீட்டை வாதைகள் தாக்கின. அவர் செல்வத்தோடு திரும்பினார். இஸ்ரவேலரின் எகிப்து வாழ்வும் விடுதலையும் பிற்காலத்தில் இதே வரிசையில் நடந்தன என்று மித்ராஷ் காட்டுகிறது. ஸ்பெயினின் ஜிரோனாவைச் சேர்ந்த நாக்மானிடீஸ் (1194–1270) இதை ஒரு விதியாகவே வகுத்தார். கடவுளின் தீர்மானம் மண்ணில் ஒரு செயலாக நடந்துவிட்டால் அது எப்படியும் நிறைவேறும் என்றார். தீர்க்கதரிசி எரேமியாவின் சொற்படி, பாபிலோனின் அழிவை எழுதிய சுருளில் கல்லைக் கட்டி யூப்ரடீஸ் ஆற்றில் எறிந்ததை அவர் சான்றாகக் காட்டினார். ஆனால் அவர் பேசியது வரலாற்று நிகழ்வுகளைப் பற்றி. மனிதரின் உள்ளத்தைப் பற்றி அல்ல.

உள்ளத்தை நோக்கிக் கேள்வியைத் திருப்பியது தியாகிகளின் இரத்தம். யூதச் சட்ட விவாதங்களின் தொகுப்பான தல்மூதின் கித்தின் பகுதியில், சிலையை வணங்க மறுத்த ஏழு மகன்களைப் பறிகொடுத்த தாய் ஒருத்தி வருகிறாள். மகன் ஈசாக்கைப் பலியிடத் துணிந்த ஆபிரகாம் கட்டியது ஒரு பலிபீடம், தான் கட்டியதோ ஏழு என்று அவரிடம் சொல்லும்படி மகனிடம் சொல்கிறாள். 1096-இல் சிலுவைப் போர்க் கும்பல்கள் ரைன் நதிக்கரை யூதர்களைத் தாக்கியபோது, மைன்ஸ் நகரில் குடும்பம் குடும்பமாக மக்கள் மதம் மாற மறுத்து மாண்டார்கள். அதைப் பதிவுசெய்த எபிரேய வரலாற்று நூலும் ஈசாக்கின் பலியை நினைவூட்டி, ஒரே நாளில் இத்தனை பலிகள் என்றாவது நடந்ததுண்டா என்று கதறுகிறது. பெயர் தெரியாத ஆயிரம் பேர் செய்ததை ஆபிரகாம் செய்ததில் என்ன தனிப்பெருமை? இதை யாரும் எளிதில் ஒதுக்கிவிட முடியாது.

இதற்குக் கிடைத்த பதில்களில் மிக ஆழமானது வொலோஜின் ரப்பி ஹாயிமுடையது (1749–1821). இன்றைய பெலாரூஸில் உள்ள வொலோஜினில் புகழ்பெற்ற கல்விக்கூடத்தை நிறுவியவர் அவர். அவர் மறைந்த பின் வெளிவந்த ‘ரூவாஹ் ஹாயிம்’ என்ற உரைநூலில், ஆபிரகாமின் பத்துச் சோதனைகளைச் சொல்லும், பழைய சட்டத்தொகுப்பான மிஷ்னாவின் வாக்கியத்தை எடுத்துக்கொள்கிறார். முந்தைய வாக்கியத்தில் வெறும் ஆபிரகாம் எனப்பட்டவர் இங்கே நம் தந்தை ஆகிறார். ஏன்? நல்லவர் ஒருவர் பாடுபட்டுப் பெற்ற பண்பு அவர் பிள்ளைகளுக்குச் சிறு முயற்சியிலேயே இயல்பாகிவிடுகிறது என்கிறார் ஹாயிம். படிப்பறிவில்லாத எளிய யூதர்கூட நம்பிக்கைக்காக உயிர்விடத் துணிவது, மரபுக் கதையின்படி ஊர் என்ற கல்தேய நகரில் ஆபிரகாம் நெருப்பில் இறங்கியதால். புனித நாட்டுக்குப் போக ஒருவருக்குத் திடீரென வேட்கை எழுவது, ஆபிரகாம் தம் சொந்த மண்ணை விட்டுக் கிளம்பியதால். இந்த விளக்கத்தில் மைன்ஸின் தியாகிகள் சிறியவராவதில்லை. அவர்களுடைய துணிவின் வேர் மட்டும் தெரிகிறது.

ஹாசிதியம் என்ற யூத பக்தி இயக்கத்தின் மரபும் இதே இடத்துக்கு வேறு பாதையில் வந்து சேர்ந்தது. லியாதியின் ரப்பி ஷ்நேயுர் ஸல்மான் 1796-இல் வெளியிட்ட ‘தன்யா’, முன்னோரிடமிருந்து வந்த மறைவான இறையன்பு ஒவ்வொரு யூத உள்ளத்திலும் உறங்குகிறது என்று கூறுகிறது.

மறுப்புகளும் உண்டு. முன்னோரின் புண்ணியம் எப்போது தீர்ந்துபோனது என்று தல்மூத் வெளிப்படையாகவே கேட்டு, நான்கு விடைகளைத் தருகிறது. பிரான்ஸின் ரப்பேனு தாம் (12-ஆம் நூற்றாண்டு) புண்ணியம் தீரலாம், உடன்படிக்கை தீராது என்று அதற்குச் சமாதானம் சொன்னார். இங்கிலாந்திலும் பின்னர் இஸ்ரேலிலும் கற்பித்த ரப்பி எலியாஹு டெஸ்லர் (1892–1953) சிக்கலை நேராகவே தொட்டார். போரில் சண்டை நடப்பது எல்லைமுனையில் மட்டுமே. அதுபோல மனிதனின் உண்மையான தேர்வும் அவன் வளர்ப்பு கொண்டுவிட்ட முனையில்தான் தொடங்குகிறது என்றார். இயல்பாக வந்ததற்குத் தனிப் பெருமை கிடையாது; போராட்டம் அடுத்த படிக்கு நகர்கிறது.

முன்னோர் எல்லாவற்றையும் முடித்துவிடவில்லை என்பதற்குத் தல்மூதின் ஹுல்லின் பகுதியில் அருமையான வாதம் உள்ளது. ரப்பி மெயிர் பெத்செயானில் தசமபாகம் பிரிக்காத ஒரு கீரை இலையைத் தின்றார் என்ற சாட்சியத்தை நம்பி, மிஷ்னாவைத் தொகுத்த ரப்பி யூதா ஹநாசி அவ்வூர் முழுவதற்கும் தசமபாக விலக்கு அளித்தார். மூதாதையர் தடுத்ததை நீ அனுமதிப்பதா என்று உறவினர்கள் சீறினர். அவர் எசேக்கியா அரசனைக் காட்டினார். மோசே செய்த வெண்கலச் சர்ப்பத்தை மக்கள் வணங்கத் தொடங்கியிருந்தும், சிலைகளை ஒழித்த முந்தைய அரசர்களான ஆசாவும் யோசபாத்தும் அதைத் தொடவில்லை. எசேக்கியாதான் நொறுக்கினான். முன்னோர் அவனுக்கு ஓர் இடம் விட்டுவைத்தார்கள், தனக்கும் அப்படியே என்றார்.

தீர்ப்பு நிலைத்தது. பெத்செயானுக்குத் தெற்கே ரெஹோவ் ஊரின் பழைய ஜெப ஆலயத் தரையில் 1970-களில் வெளிப்பட்ட 29 வரி மொசைக் கல்வெட்டு, அவ்விலக்குக்கு உட்பட்ட பகுதியின் எல்லைகளைக் குறிப்பிடுகிறது.