தோலுக்கு ஒரு சாரம்

உடம்பிலேயே பெரிய உறுப்பு எது? கல்லீரல், நுரையீரல் என்று உள்ளே தேட வேண்டாம். தோல்தான்! விரித்துப் போட்டால் கிட்டத்தட்ட 2 சதுர மீட்டர். அதில் பாதிக்கு மேல் தீயில் போய்விட்டால்? உடம்பின் நீர் கசிந்துகொண்டே இருக்கும். கிருமிகள் கேட்பாரில்லாமல் உள்ளே நுழையும். தொடையிலிருந்து தோலை எடுத்து ஒட்டலாமே என்பீர்கள். தொடையும் வெந்திருந்தால்?

அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் ஜான் பர்க் என்ற சர்ஜனுக்கு இதுதான் தீராத தலைவலி. 1960-களின் இறுதியில் அவர் கைகோத்துக்கொண்ட அயோனிஸ் யானஸ் டாக்டரே அல்ல. கிரேக்கத்தில் பிறந்து, எம்.ஐ.டி-யில் பாலிமர்களோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்த விஞ்ஞானி. புண்ணைச் சீக்கிரம் மூடவைக்கும் ஒரு பொருள், அவ்வளவுதான் இருவருக்கும் வேண்டியது.

யானஸ் என்னென்னவோ பொருட்களைக் கினிப்பன்றிகளின் புண் மேல் வைத்துப் பார்த்தார். பெரிதாக ஒரு பலனும் இல்லை. மாட்டிலிருந்து எடுத்த கொலாஜனில் செய்த ஒன்று மட்டும் நேர்மாறாக வேலை செய்தது. அதை வைத்தால் புண் மூடுவது தாமதமானது! வேறு யாராவது என்றால் குப்பையில் போட்டிருப்பார்கள். இவர்கள், ஏன் தாமதம் என்று குடைந்தார்கள்.

பெரிய காயம் பட்டால் நம் உடம்பு அவசரக் கொத்தனார் மாதிரி. ஓரங்களை இழுத்துப் பிடித்து, இடைவெளியில் தழும்பைப் பூசி வேலையை முடித்துவிடும். பஞ்சு போலத் துளைகள் நிறைந்த அந்தக் கொலாஜன், இந்த இழுப்பைத் தடுத்தது. துளைகளுக்குள் செல்கள் குடியேறி, நிதானமாக உள்தோலையே நெய்தன. கட்டடத்துக்குச் சாரம் கட்டுகிறோமே, அதேதான். ஒரு வித்தியாசம்... இந்தச் சாரத்தை யாரும் அவிழ்க்க வேண்டாம், தானே கரைந்துவிடும். சீக்கிரம் கரைந்தாலும் பயனில்லை, கரையாமல் நின்றாலும் தொல்லை. அந்தப் பதத்தைப் பிடிக்கத்தான் வருடங்கள் ஓடின.

கடைசியில் கிடைத்த செய்முறை இது: மாட்டுக் கொலாஜன், சுறாவின் குருத்தெலும்பில் எடுத்த ஒரு பொருள், மேலே மூடியாக மெல்லிய சிலிகோன் தாள். 1981-ல், உடம்பில் பாதிக்கு மேல் வெந்த 10 பேருக்கு இதைப் பொருத்திய விவரத்தை பர்க் குழு வெளியிட்டது. 1996-ல் 'இன்டெக்ரா' என்ற பெயரில் அமெரிக்க அரசின் அனுமதியும் கிடைத்தது.

ஆனால், இதில் வளர்ந்தது உள்தோல் மட்டும். மேல்தோலுக்கு?

வேடிக்கை பாருங்கள், 1970-களில் அதே எம்.ஐ.டி-யில்தான் ஹோவர்ட் கிரீனும் இருந்தார். எலியின் கட்டி ஒன்றை ஆராய்ந்தபோது, தட்டில் தோல் செல்கள் மாதிரி ஏதோ வளர்வதைக் கவனித்தார். எலி செல்களைச் செவிலித்தாயாக வைத்தால் மனிதனின் மேல்தோலும் வளரும் என்று 1975-ல் மாணவர் ரைன்வால்டுடன் சேர்ந்து காட்டினார். தபால்தலை அளவு தோல் போதும், சில வாரங்களில் ஆயிரக்கணக்கான மடங்கு பெருகும். வளர்ப்பவை அதிலுள்ள ஸ்டெம் செல்கள்.

1983-ல் வயோமிங் மாநிலத்துச் சிறுவர்கள் இருவர், அண்ணன் தம்பி, உடம்பில் 95 சதவிகிதத்துக்கு மேல் வெந்த நிலையில் பாஸ்டன் வந்தார்கள். மிச்சமிருந்த துளித் தோலிலிருந்து வளர்த்த மேல்தோல், அவர்கள் உடம்பில் ஏறக்குறைய பாதியை மூடியது. பிழைத்தார்கள். அந்தத் தோலில் வியர்வைச் சுரப்பி கிடையாது, முடி கிடையாது. கிரீனிடம் மாடி இருந்தது, யானஸிடம் அஸ்திவாரம் இருந்தது!

2015-ல் ஜெர்மனியின் போகும் நகர மருத்துவமனைக்கு 7 வயது சிரியப் பையன் ஒருவன் வந்தான். தீக்காயம் இல்லை. தொட்டாலே தோல் கழன்று வரும் மரபணுக் கோளாறு. இத்தாலியின் மிகேலே தெ லூகா குழு, அவனுடைய 4 சதுர செ.மீ. தோலை எடுத்து, மரபணுவைத் திருத்தி, கிரீன் போட்டுக்கொடுத்த பாதையிலேயே மேல்தோலை வளர்த்தது. உடம்பின் 80 சதவிகிதம் புதுத் தோல். 2017-ல் 'நேச்சர்' இதழில் விவரம் வந்தபோது, பையன் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தான். முதல் அறுவை சிகிச்சை நடந்தது 2015 அக்டோபரில். அதே மாதம் 31-ம் தேதிதான் ஹோவர்ட் கிரீன் காலமானார்.