பிறப்பும் சூழலும்: சுண்டெலிகள் தரும் சாட்சியம்

1921ஆம் ஆண்டு நமது திருநெல்வேலியில் சேர் பொன்னம்பலம் இராமநாதன் பரமேஸ்வராக் கல்லூரியை நிறுவினார். அதே ஆண்டு அமெரிக்காவில் கிளாரென்ஸ் குக் லிட்டில் என்னும் விஞ்ஞானி, நெருங்கிய உறவுடைய சுண்டெலிகளையே தலைமுறை தலைமுறையாக இணைத்து, சி57பிஎல் என்ற தூய வழியை உருவாக்கத் தொடங்கினார். இவ்விரு செயல்களுக்கும் நேரடித் தொடர்பு எதுவுமில்லை. ஆனால் கல்விக்குக் கொடையளித்த இராமநாதன், டொனமூர் ஆணைக்குழுவின் காலத்தில் சர்வசன வாக்குரிமையை எதிர்த்தார்; லிட்டிலோ அமெரிக்க இனமேம்பாட்டுச் சங்கத்தின் தலைவராக விளங்கினார். பிறப்பைக் கொண்டு மனிதரைத் தரம்பிரிக்கும் எண்ணம் அன்று கடல்களின் இரு கரைகளிலும் படித்தோரிடையே வேரூன்றியிருந்தது.

1929இல் ஜாக்சன் ஆய்வுகூடத்தை நிறுவிய இதே லிட்டில், 1954 முதல் புகையிலைக் கம்பனிகளின் ஆராய்ச்சிக் குழுவுக்கு விஞ்ஞான நெறியாளரானார். நுரையீரற் புற்றுநோய்க்குப் புகைத்தல் காரணமென்பது நிரூபணமாகவில்லை என்று வாதாடினார். பரம்பரை என்ற சொல் இலாபத்துக்குக் கேடயமாயிற்று. புகையிலை விளைந்த மண்ணில் வாழும் நாம் இதனை நினைவில் இருத்தல் வேண்டும்.

எனினும் பரம்பரையை அடியோடு மறுப்பதும் விடையாகாது. சோவியத் நாட்டில் லைசென்கோவின் கொள்கை 1948இல் அரச கொள்கையாக்கப்பட்டபோது பிறப்புரிமையியல் ஒடுக்கப்பட்டது. அதற்கு முன்னரே, 1943இல், மாமேதை வவிலோவ் சிறையில் மடிந்திருந்தார். உண்மையை ஆணையிட்டு மாற்ற முடியாது. ஆராய்ந்தே அறிதல் வேண்டும்.

அத்தகைய ஆராய்ச்சியொன்றைக் காண்போம். உடற்பருமன், நீரிழிவு போன்ற இயல்புகள் ஒரேயொரு பரம்பரையலகால் தோன்றுவனவல்ல. பல அலகுகளும் உணவும் சூழலும் கூடியே அவற்றை உருவாக்குகின்றன. இச்சிக்கலை அவிழ்க்க, ஜோசப் நாடோவும் எரிக் லாண்டரும் அவர்தம் தோழரும் 2000ஆம் ஆண்டு ஒரு வழியை முன்வைத்தனர். லிட்டிலின் வழியில் வந்த எலியிலே ஒரேயொரு நிறமூர்த்தத்தை மட்டும் அகற்றி, அவ்விடத்தில் ஏ/ஜே என்னும் வேறொரு வழியின் நிறமூர்த்தத்தை அமர்த்துவதே அது. பத்துத் தலைமுறைக்குக் குறையாமல் மீள்கலப்புச் செய்து இதனைச் சாதித்தனர். 19 உடல் நிறமூர்த்தங்கள், இரு இலிங்க நிறமூர்த்தங்கள், இழைமணி ஆகியவற்றுக்கு ஒவ்வொன்றாக 22 வழிகள் அமைந்தன. ஒரு வழி தன் மூல எலியினின்று வேறுபடுமாயின், காரணம் மாற்றப்பட்ட அந்த நிறமூர்த்தத்திலே இருக்கிறதென்று துணியலாம்.

கிடைத்த விடை என்ன? தனித்தனி நிறமூர்த்தங்களின் விளைவுகளைக் கூட்டினால், அக்கூட்டுத்தொகை இரு பெற்றோர் வழிகளுக்கிடையேயுள்ள வேறுபாட்டை மிகப் பல மடங்கு விஞ்சியது என்று 2008இல் வெளியான ஆய்வு காட்டிற்று. அதாவது, ஓர் அலகின் வலிமை அதனைச் சூழ்ந்த ஏனைய அலகுகளைப் பொறுத்தது. உணவின் பங்கோ இன்னும் தெளிவானது. சாதாரண உணவுண்ணும்போது மெலிந்திருக்கும் சி57பிஎல் எலி, கொழுப்பு மிகுந்த உணவில் பருத்து நீரிழிவுக்கு ஆளாகிறது; ஏ/ஜே எலியோ அதே உணவைப் பெரிதும் தாங்கி நிற்கிறது.

உடன்பிறந்தோரையே இணைத்து வளர்த்த எலியிலும் பிறப்பு மட்டும் விதியை எழுதவில்லை. அவ்வாறிருக்க, எண்ணற்ற கலப்புகளின் வழிவந்த மனிதனின் அறிவையும் ஒழுக்கத்தையும் சாதியின் பெயரால் அளப்பவர்க்கு விஞ்ஞானத்தில் எந்த ஆதாரமும் இல்லை. பரமேஸ்வராக் கல்லூரி நின்ற வளவிலே 1974இல் பல்கலைக்கழக வளாகம் பிறந்தது. அங்கு கற்பிப்போரும் கற்போரும் இவ்வுண்மையை வகுப்பறைக்கு வெளியே, கிராமங்களுக்கும் எடுத்துச் செல்வார்களாக.