கண்ணன் தேவன் மலைகளில் பராமரிப்பு உழைப்பு: ஒரு வரலாற்று நோக்கு

முன்னுரை

இடுக்கி மாவட்டத் தேவிகுளம் வட்டத்திலுள்ள கண்ணன் தேவன் மலைகளின் வரலாறு பெரும்பாலும் காடழிப்பையும் கொழுந்தெடுப்பையும் மையமாகக் கொண்டே எழுதப்பெறுகிறது. இவற்றிற்கு இடையே ஆண்டு முழுதும் நிகழும் பராமரிப்பு உழைப்பு அரிதாகவே பேசப்படுகிறது. அவ்வுழைப்பைச் செய்த தமிழ்த் தொழிலாளர்க்கும் அந்நிலத்திற்கும் உள்ள உறவை இக்கட்டுரை ஆராய்கிறது.

தோட்டங்களின் தோற்றம்

1877இல் ஜான் டேனியல் மன்றோ பூஞ்ஞாறு அரச குடும்பத்தாரிடமிருந்து இம்மலைகளைப் பெற்றார். சின்கோனா, காப்பி ஆகியவற்றைத் தொடர்ந்து தேயிலை நிலைபெற்றது. 1897இல் கண்ணன் தேவன் மலை விளைபொருள் நிறுவனம் தோன்றியது. திருநெல்வேலி, மதுரை, இராமநாதபுரம் பகுதி மக்களைக் கங்காணிகள் முன்பணம் கொடுத்து அழைத்து வந்தனர். பலர் போடிநாயக்கனூர், கொட்டகுடி வழியே மலையேறினர்.

பணியின் இயல்பு

தேயிலை இயல்பில் மரமாக வளர்வது. அதனை இடுப்பளவுப் புதராக நிறுத்துவது சில ஆண்டுகளுக்கு ஒருமுறை செய்யப்படும் கவ்வாத்து ஆகும். தடித்த கிளைகளைக் குனிந்து நின்று கத்தியால் சீவும் இவ்வேலை பெரும்பாலும் ஆண்களுக்கு உரியதாயிற்று. களையெடுத்தல், பாதை திருத்தல், கான் வெட்டுதல் ஆகியன ஏனைய பணிகள். மழைநீர் சரிவை அரிக்காமலிருக்க வெட்டப்படும் கான்களில் படிந்த மண்ணைத் தென்மேற்குப் பருவமழைக்கு முன் வாரியெடுத்தாக வேண்டும். பறித்த கொழுந்து நிறுக்கப்பட்டுப் பேரேட்டில் ஏறுகிறது. சரியாமல் நின்ற மண்ணுக்கு அத்தகைய பதிவு இல்லை. இவ்வுழைப்பு வரலாற்றில் மறைந்தமைக்கு இதுவே முதற்காரணம் எனலாம்.

1924 வெள்ளம்

மலையாள ஆண்டு 1099இல் நிகழ்ந்தமையால் ‘தொண்ணூற்றொன்பதின் வெள்ளம்’ எனப்படும் 1924 சூலைப் பெருவெள்ளம் மூணாற்றைச் சிதைத்தது. 1908 முதல் இயங்கிய குண்டளைப் பள்ளத்தாக்கு நீராவி இருப்புப்பாதை அழிந்தது. அது மீண்டும் அமைக்கப்படவில்லை. தேயிலைத் தோட்டங்களோ தொடர்ந்தன. அன்றாடக் கையுழைப்பு இன்றி அவை தொடர்ந்திருக்க இயலாது.

உழைப்பும் உரிமையும்

1951ஆம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டம் குடியிருப்பு வழங்குவதை உரிமையாளரின் கடமையாக்கியது. எனினும் லயத்து வீடு வேலையோடு பிணைக்கப்பட்டது. ஓய்வு பெற்றவரின் குடும்பத்தில் வேறெவரும் தோட்டத்தில் பணிபுரியாவிடில் வீட்டைக் காலி செய்ய வேண்டும். 1971ஆம் ஆண்டு நில மீட்புச் சட்டத்தின் வழிப் பயிரிடப்பட்ட பகுதிகள் நிறுவனத்திடம் நிலைக்க, ஏனையவை அரசுடைமையாயின. நிலத்தைப் பேணியவர்கள் இவ்விரு தரப்பிலும் இடம்பெறவில்லை.

2015 செப்டம்பரில் பெண் தொழிலாளர்கள் ‘பொம்பிளை ஒருமை’ என்னும் பெயரில் திரண்டு, 232 ரூபாய் நாட்கூலியை 500 ரூபாயாக உயர்த்தவும் 20 விழுக்காடு போனஸ் வழங்கவும் கோரினர். போனஸ் கோரிக்கை நிறைவேறியது. கூலி பின்னர் 301 ரூபாயாயிற்று. 2020 ஆகஸ்டு 6 இரவு பெட்டிமுடி லயங்களின்மீது மலை சரிந்ததில் 70 பேர் மாண்டனர். சொந்த நிலம், சொந்த வீடு என்னும் கோரிக்கை அதன்பின் மேலும் வலுப்பெற்றது.

முடிவுரை

தலைமுறைகளாக மலைச்சரிவைக் காத்தவர்கள் அச்சரிவிலேயே வாடகையற்ற குடியினராக, ஆயின் உரிமையற்றவராக வாழ்ந்துள்ளனர் என்பது மேற்கண்டவற்றால் புலனாகிறது. கவ்வாத்து, கான், லயம் போன்ற தோட்டத் தமிழ் வழக்குகள் பேரேடுகள் பதியாத உழைப்பின் சான்றுகளாகும். முதிய தொழிலாளரின் வாய்மொழியோடு அவற்றைத் தொகுப்பது தமிழாய்வு உடனடியாக மேற்கொள்ளத்தக்க பணியாகும்.