கல்போல் தோன்றும் கீல்

மரக்கலங்களின் இடுக்குகளை அடைக்க முற்காலத்தில் பூசப்பட்ட கரிய கீல், பார்வைக்குக் கல்லைப் போன்றது. சுத்தியலால் அடித்தால் கண்ணாடியென நொறுங்கும். ஆயினும் அது மிக மெல்ல ஒழுகும் திரவமே ஆகும். இவ்வுண்மையை மாணவர்க்குக் கண்கூடாகக் காட்ட விழைந்தவர், ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேன் நகரிலுள்ள குவீன்ஸ்லாந்துப் பல்கலைக் கழகத்தின் முதல் பௌதிகப் பேராசிரியர் தாமஸ் பார்னெல்.

1927-ஆம் ஆண்டில் அவர் கீலைக் காய்ச்சி, அடி மூடிய கண்ணாடிப் புனலில் ஊற்றினார். அது படிய மூன்றாண்டு விட்டு, 1930-இல் புனலின் அடியை வெட்டித் திறந்தார். முதற் சொட்டு 1938-இலும், இரண்டாவது 1947-இலும் விழுந்தன. மறு ஆண்டே பார்னெல் மறைந்தார். ஒழுக்கைத் தடுக்கும் பாகுத்தன்மை, அக்கீலில் தண்ணீரினும் ஏறத்தாழ 23,000 கோடி மடங்கு மிகுதி என்று பிற்காலத்தில் கணக்கிடப்பட்டது.

1961 முதல் இச்சோதனையைக் காத்து வந்தவர் பேராசிரியர் ஜான் மெயின்ஸ்டன். சொட்டு விழும் கணத்தைக் காண்பதே அவரது பேரவா. 1979-இல் அவர் வீடு திரும்பியபின் சொட்டு விழுந்தது. 1988-இல் பானம் அருந்தச் சென்ற சில நிமிடங்களில் விழுந்தது. 2000-இல் காவல் வைத்த காமிரா பழுதாகிக் கைவிட்டது. 2013 ஆகஸ்டில் அவர் காலமானார்; அடுத்த சொட்டோ 2014 ஏப்ரலில்தான் கீழே வந்து சேர்ந்தது.

இதில் மற்றொரு பாடமும் உண்டு. முதல் ஏழு சொட்டுகளும் ஏறத்தாழ ஏழு முதல் ஒன்பது ஆண்டுகளுக்கு ஒன்றாக விழுந்தன. அதன்பின் கட்டடத்தில் குளிர்சாதன வசதி அமைந்தது. எட்டாம் சொட்டுக்குப் பன்னிரண்டு ஆண்டுகள் பிடித்தன! வெப்பம் சற்றே தணிந்தாலும் கீலின் நடை தளர்ந்துவிடுகிறது.

சாலைக்கு இடும் பெட்ரோலியத் தாரின் இயல்பும் இதுவே. கடும் வெயிலில் அது இளகும். பார வண்டிகளின் சக்கரங்கள் அதில் பள்ளம் பதிக்கும். குளிர் நாடுகளிலோ அது இறுகி வெடிக்கும். இவ்விரு குறைகளையும் தணிக்கவே பொறியியலாளர் தாரில் ரப்பரைக் கலக்கின்றனர். ரப்பர் கலந்த தார் வெயிலில் எளிதில் இளகுவதில்லை. அழுத்தம் நீங்கியதும் மீளும் தன்மையும் பெறுகிறது. மலேசியாவில் தோட்டத்துக் கட்டிப்பால் கலந்த தார்ச் சாலைகளும் போடப்பட்டுள்ளன.

திடமென்று நம்பிக் காலூன்றும் சாலையும், வெப்பத்துக்கேற்ப ஓயாது அசைந்துகொண்டிருக்கும் பொருளே. அதனை உணர்ந்து போடும் சாலையே நெடுநாள் நிலைக்கும்.