மூடிய அறையின் பதிவேடு

அமெரிக்க அணுசக்தி ஆணையம் 1954 ஏப்ரல் 12 முதல் மே 6 வரை ராபர்ட் ஓப்பன்ஹைமரை விசாரித்தது. முதல் அணுகுண்டை ஆக்கிய ஆய்வகத்தின் தலைவராக இருந்தவரிடம் அரசின் அணு ரகசியங்களை இனியும் நம்பி ஒப்படைக்கலாமா என்பதே கேள்வி. இது வழக்கன்று, நிர்வாக விசாரணை மட்டுமே என்றார்கள். அந்தச் சொல்லின் மறைவில், நீதிமன்றத்தில் திருடனுக்கும் கிடைக்கும் காப்புகள் அவருக்குக் கிடைக்காமற்போயின.

விசாரணைக்கு முன்னரே மூவர் குழு ஒரு வாரம் எஃப்.பி.ஐ. கோப்புகளைப் படித்தது. உடனிருந்து உதவியவர் ஆணையத்தின் வழக்கறிஞர் ரோஜர் ராப். ஓப்பன்ஹைமரின் வழக்கறிஞர் லாயிட் காரிசனோ ரகசியப் பொருள் பேசப்படுகையில் அறையைவிட்டே எழுந்து செல்லவேண்டியவர். கட்சிக்காரரோடு அவர் பேசியவை ஒட்டுக்கேட்கப்பட்டு, ஆணையத் தலைவர் லூயிஸ் ஸ்ட்ராஸின் மேசையை அடைந்தன.

ராப் 1943ஆம் ஆண்டு உரையாடல் ஒன்றைப் பற்றி வினவினார். ராணுவ உளவு அதிகாரியிடம் ஓப்பன்ஹைமர் அன்று பேசியது ரகசியமாகப் பதிவாகியிருந்தது; அதன் எழுத்து வடிவம் ராப்பின் கையில் இருந்தது. பதினோராண்டுப் பழைய பேச்சை நினைவிலிருந்து மட்டும் சொல்லவைத்து, பிறகு ஏட்டைக் காட்டி மடக்கினார். அன்று தாம் சொன்னது பொய்யே என்று ஓப்பன்ஹைமர் ஒப்புக்கொண்டார். பொய் பொய்தான், ஆயினும் வாய்மையைச் சோதிக்கும் முறையாக இதை என்னால் ஏற்கமுடியவில்லை.

குழு, அவர் நாட்டுப்பற்றுள்ளவர், ரகசியம் காப்பவர் என்று எழுதிவிட்டு, இருவருக்கு ஒருவர் என்ற கணக்கில் அனுமதியை மறுத்தது. (மாறுபட்ட அந்த ஒருவர், வார்டு எவன்ஸ், வேதியியல் பேராசிரியர்.) அடுத்து ஆணையத்தின் பொது மேலாளர் தம் பரிந்துரையை எழுதினார். அதை ஓப்பன்ஹைமர் தரப்புக்குக் காட்டவே இல்லை. ஜூன் 29 அன்று ஆணையம் நான்குக்கு ஒன்றாக மறுப்பை உறுதிசெய்தது. குழு சொன்ன காரணங்களை ஒதுக்கி, குணக்குறை என்ற புதுக் காரணத்தை முன்வைத்தது. அதற்கு அவர் விடை சொல்ல வாய்ப்பேது? அந்த அனுமதியின் காலமோ மறுநாளே முடிவதாக இருந்தது.

சாட்சிகளிடம், இங்குச் சொல்வது வெளியே போகாது என்று உறுதியளித்திருந்தார்கள். ஜூன் மாதத்தில் ஆணையமே, சுமார் ஆயிரம் பக்கங்களில் அதை அச்சிட்டு வெளியிட்டது. ஓப்பன்ஹைமரின் பெயரைக் கெடுக்கும் என்று நம்பியிருக்கவேண்டும். ஆனால் ராப்பின் கேள்விகளும், காரிசன் வெளியேறிய இடங்களும் அதில் அப்படியே இருந்தன. ஆணையத்தின் மீதான குற்றப்பத்திரிகையாக அந்நூலைப் படித்தவர்கள் பலர்.

1967இல் ஓப்பன்ஹைமர் இறந்தார். 2022 டிசம்பர் 16 அன்று எரிசக்தித் துறைச் செயலர் ஜெனிஃபர் கிரான்ஹோம், ஆணையம் தன் விதிகளையே மீறியது என்று கூறி 1954ஆம் ஆண்டு முடிவை ரத்துசெய்தார். அவர் தகுதியுடையவரா என்ற பழைய கேள்வியை அவ்வாணை மறுபடி விசாரிக்கவில்லை.