கூரையில்லாத களம்

இங்கிலாந்தின் கிரேட் காக்ஸ்வெல்லில், 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் சிஸ்டர்சியன் துறவிகளின் பண்ணைக்காக எழுப்பப்பட்ட தானியக் கொட்டகை இன்றும் நிற்கிறது. கல் சுவர், கற்பீடங்களில் ஊன்றிய மரத்தூண்கள். வில்லியம் மாரிஸ் அதைப் பேராலயத்துக்கு ஈடாக மதித்தார். அந்நாட்டுக் கதிரடிக் கொட்டகைகளில் எதிரெதிராக இரண்டு பெரிய கதவுகள், நடுவே அடிக்கும் தளம். குளிர்காலம் முழுக்க உள்ளே அடிப்பார்கள். கதவைத் திறந்துவிட்டால் புகும் காற்றில் பதர் பறக்கும்.

சேலம், நாமக்கல் சமவெளியில் இப்படியொரு கட்டிடத்தைத் தேடிப் பயனில்லை. நம்ம களத்துக்குக் கூரை எதுக்கு? தை, மாசியில் மழை கிடையாது. மேடாக இடம் பார்த்து, புல்லைச் செதுக்கி, தண்ணீர் தெளித்து மிதித்து இறுக்கி, சாணி கரைத்து மெழுகினால் களம். பாறை வெளியே தெரிகிற ஊரில் பாறையே களம். சோளக்கதிரைப் பரப்பி, மாடுகளைப் பிணைத்துச் சுற்றவிடுவார்கள். அல்லது கல் உருளையை இழுக்கவிடுவார்கள். அப்புறம் காற்று பார்த்துத் தூற்றுவது. அங்கே இரண்டு கதவுகள் செய்த வேலையை இங்கே மேடு செய்தது. இதைக் கட்டிடக்கலை என்று சொல்ல ஏன் தயங்கவேண்டும்?

ஆனால் இந்த அழகிலேயே லயித்து நின்றுவிட்டால் அது மோசடி. களம் அடிக்கிற இடம் மட்டுமா? அளக்கிற இடமும்தான். கிணற்றுக் கமலைக்குத் தோல்பறி தைத்த மாதாரிக்கும், கொல்லருக்கும், தச்சருக்கும், வண்ணாருக்கும், நாவிதருக்கும் வருஷம் முழுக்கச் செய்த வேலைக்கான தானியம் அறுவடையில்தான் அளந்து தரப்பட்டது. வள்ளத்தைப் பிடிக்கிற கை எது, ஓரத்தில் துணி விரித்து நிற்கிற கை எது என்பதைச் சாதி முடிவு செய்தது. சுவரில்லாத இடத்திலும் கோடு இருந்தது.

1792இல் சேலமும் பாராமகாலும் கம்பெனியின் கைக்கு வந்தன. ரீடும் அவருடைய உதவியாளர் மன்றோவும் நிலத்தை அளந்து பணத்தில் வரி விதித்தார்கள். ரயத்வாரி இங்கே முளைத்ததுதான். சர்க்கார் பார்த்தது ரயத்தை. களத்தோரம் நின்றவன் அதன் கணக்கில் வரவில்லை.

களத்திலிருந்து போன பங்குக்கோ உறுதியான கட்டிடம் கிடைத்தது. பாபநாசம் அருகே திருப்பாலைத்துறைக் கோயிலில், நாயக்கர் காலத்தில் செங்கல்லால் கட்டிய நெற்களஞ்சியம் 3,000 கலம் கொள்ளும். அதைத் தொல்லியல் துறை பாதுகாக்கிறது. அதே தஞ்சைச் சீமையில், கீழ்வெண்மணியில், கூலி நெல்லைக் கூட்டிக் கேட்ட போராட்டத்தின் முடிவில் 1968 டிசம்பர் 25 அன்று 44 பேர் எரிக்கப்பட்டார்கள். போர்க்களத்தை நெற்களமாகப் பாடிய மரபு நம்முடையது. நெற்களமே போர்க்களமானதைப் பாட அந்த மரபில் துறை எதுவும் வகுக்கப்படவில்லை.

எங்க பக்கத்தில் இப்போது அறுவடை இயந்திரம் வந்துவிட்டது. சில ஊர்களில் அரசு போட்ட சிமெண்ட் உலர்களம் இருக்கிறது. இல்லாத இடத்தில் கேழ்வரகையும் சோளத்தையும் தார் ரோட்டில் பரப்புகிறார்கள். லாரிச் சக்கரம் ஏறி மணி உதிர்கிறது. பழைய உருளைக்கல் வேலியோரம் மண்ணில் பாதி புதைந்து கிடக்கிறது. பஸ்ஸுக்குக் காத்திருப்பவர்கள் அதில் உட்காருகிறார்கள்.